குமரி மாவட்டத்து வீடுகளில் பூவும் செடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது தோவாளைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது தக்கலைப் பக்கம். கலியாணம் முடிந்து வரும்போது அம்மா வீட்டிலிருந்து ஆறு செடிகளை ஆசையோடு கொண்டுவந்தேன். அங்கே காற்றிலும் வெயிலிலும் கிடந்து பூத்தவை, இங்கே முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலேயே வேர் அழுகி நாலு போய்விட்டன. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கம் ஒரு மண், குலசேகரம் பக்கம் வேறு மண். அதனால் வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று யார் கேட்டாலும், உங்கள் வீடு எங்கே இருக்கிறது, இப்போது எந்த மாதம் என்ற இரண்டையும்தான் நான் முதலில் கேட்பேன்.

பூ அலங்காரம் எனக்குப் புதிது. எதில் தொடங்கலாம்?

உருளியில் தொடங்குங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாயசம் காய்ச்சின வெண்கல உருளி ஒன்று பரணிலாவது கிடக்கும். இல்லாவிட்டால் அகலமான மண்சட்டி போதும்.

புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரைக்கும் தண்ணீர் விடுங்கள். பூவின் காம்பைச் சுத்தமாகக் கிள்ளிவிட வேண்டும். காம்பு கொஞ்சம் இருந்தாலும் பூ ஒருச்சாய்ந்து நனைந்துவிடும். கேந்திப்பூ (செண்டுமல்லி) நன்றாக மிதக்கும். தெச்சியை (இட்லிப்பூ என்றும் சொல்வார்கள்) கொத்தாகவே விடலாம். நந்தியாவட்டை வெள்ளையாக நடுவில் நிற்கும். செம்பருத்தி அன்றைக்கு மட்டும்தான், சாயங்காலம் சுருண்டுவிடும்.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் தண்ணீரே தெரியாமல் பூவைக் கொட்டிவிடுகிறார்கள். பாதி தண்ணீர் தெரியட்டும். நடையில் ஆள் நடக்கும்போது அந்தத் தண்ணீரில் வரும் சின்ன அசைவும், ஓட்டின் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சமும்தான் உருளியின் அழகு. மறுநாள் காலையில் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

தோவாளைப் பூச்சந்தைக்கு எப்போது போவது? எதைப் பார்த்து வாங்குவது?

விடியும் முன்னே போய்விட வேண்டும். வெயில் ஏறின பிறகு கிடைப்பது மற்றவர்கள் பொறுக்கி எடுத்ததன் மிச்சம்.

பிச்சியும் மல்லியும் மொட்டாகத்தான் வாங்க வேண்டும். காலையில் மொட்டாக இருந்தால்தான் சாயங்காலம் உங்கள் வீட்டில் விரியும். கேந்திப்பூவைப் பூவுக்கு அடியில் பச்சையாக இருக்கும் இடத்தில் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அன்றைய பூ, மெத்தென்று அமுங்கினால் முந்தின நாள் பூ. அரளியில் இதழ் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் வேண்டாம்.

விலை முகூர்த்தத்தைப் பொறுத்தது. ஆடியில் கலியாணம் குறைவு, அதனால் பூ மலிவாகக் கிடைக்கும். மார்கழியிலும் கலியாணம் இல்லை என்றாலும் மல்லியும் பிச்சியும் மலிவதில்லை, ஏனென்றால் பனியில் அரும்பு குறைந்துவிடும். ஓணத்துக்கு முந்தின நாட்களில் கேரளத்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், அப்போது விலை நம் கையில் இல்லை. ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியில் வருவது. நம் தோட்டத்துப் பூதான் வேண்டும் என்றால் பிச்சி, அரளி, கொழுந்து (மரிக்கொழுந்து), துளசி என்று கேட்டு வாங்குங்கள்.

பாலிதீன் பையில் மட்டும் வாங்கி வராதீர்கள். பறித்த பிறகும் பூ மூச்சுவிடும். கட்டின பைக்குள் அந்தச் சூடு ஏறி, வீட்டுக்கு வந்து கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் பூ அதோடு தீர்ந்தது. வாழையிலையோ ஈரத்துணியோ கொண்டுபோங்கள்.

வாங்கின பூ அரை நாளில் வாடிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

முதலில், அந்த அறையில் வாழைப்பழக் குலை தொங்குகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் மட்டியோ ஏத்தனோ செந்துளுவனோ ஒரு குலை எப்போதும் கயிற்றில் இருக்கும். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்து உதிர்த்துவிடும். ஒருவர் வீட்டில் மூன்று வாரமாகச் சாமிப் படத்துப் பூ மட்டும் வாடிக்கொண்டே இருந்தது. அதே சுவரின் மறுபக்கத்து ஆணியில் ஏத்தன் குலை. குலையை அடுக்களைக்கு மாற்றினார்கள், சரியாகிவிட்டது.

காம்போடு குவளையில் வைக்கிற ரோஜா, சம்பங்கி, ஆந்தூரியம் போன்றவற்றைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் தண்டுக்குள் காற்றுக்குமிழி நுழைந்து தண்ணீர் ஏறாது. கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், கூர்மையான கத்திதான் நல்லது. தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சர்க்கரை பூவுக்கு உணவு, புளிப்பு கிருமியை அடக்கும். சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து.

தொடுத்த பிச்சிச் சரத்தை ஈரத்துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே தண்ணீர் தெளிக்கக் கூடாது, இதழில் பழுப்பு விழும்.

தாமரை மொட்டு வாங்கினால் விரியவே மாட்டேன் என்கிறது.

விரியாது. பறித்த தாமரை மொட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். இதழை ஒவ்வொன்றாகப் பிரித்து, நுனியை உள்பக்கமாக மடித்து அடியில் செருகுங்கள். வெளிச்சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. மூன்று சுற்று மடித்தால் மொட்டே ஒரு பூவாகிவிடும். முதல் இதழ் கிழியும், இரண்டாவதிலிருந்து கை பழகிவிடும்.

மாணிக்க மாலையைச் சுவரில் மாட்டி வைக்கலாமா?

தாராளமாக. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் எங்களுக்கு அது பெருமைதான். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை இவற்றை மடித்து மடித்து நாரில் கட்டுவார்கள். மற்ற மாலை மாதிரி உருண்டையாக இருக்காது, பாய் முடைந்ததுபோல் தட்டையாக இருக்கும். இதழ் மடிப்பு ஒவ்வொன்றும் கல் பதித்த மாதிரி தெரியும்.

தட்டையாக இருப்பதால்தான் சுவருக்கு அது அவ்வளவு பொருத்தம். வெள்ளைச் சுவரில் மாட்டினால் வெள்ளை அரளி மறைந்துபோகும். மரக் கதவு, தேக்குப் பலகை, கருங்கல் தூண் இவற்றின் மேல் வையுங்கள். சுற்றிலும் வேறெதுவும் வேண்டாம். கட்டுகிறவர்களின் விரலைப் பார்த்திருக்கிறேன். அரளிப் பால் பட்டுப் பட்டு நகக்கண் கறுத்திருக்கும். அந்த உழைப்புக்கு முன்னால் சீரியல் பல்பு மின்ன வேண்டியதில்லை.

அரளி விஷம் என்கிறார்களே, வீட்டில் வைக்கலாமா?

விஷம்தான். இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும். 2024 மே மாதத்தில், கேரளத்தில் கோவில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. மாலையாகத் தொங்குவதால் ஆபத்தில்லை. வாயில் வைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். கட்டி முடித்ததும் கை கழுவுங்கள். வாடின அரளியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவே கூடாது, காய்ந்தாலும் விஷம் போகாது. சாப்பாட்டு மேசைக்கும் அரளி வேண்டாம், அங்கே கேந்தியும் தெச்சியும் இருக்கட்டும்.

வீட்டுக்குள் வளர்க்கும் டிஃபன்பாக்கியாவிலும் கவனம் தேவை. இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும். மணிபிளான்டும் கடித்தால் வாய் எரியும்.

எந்தச் செடி எங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்?

இதைத்தான் எல்லோரும் அதிகம் கேட்கிறார்கள். ஊர் வாரியாகச் சொல்கிறேன்.

தோவாளை, ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம் காற்றுதான் எசமான். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் அந்தக் காற்று இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் தண்ணீர் விட்ட தொட்டி மத்தியானத்தில் வறண்டு கிடக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொட்டி வைக்காதீர்கள். எங்கள் அம்மா வீட்டில் ஒரு ஆடி மாதம் மூன்று தொட்டிகள் கீழே விழுந்தன. சற்று முன்புவரை ஆள் நின்ற இடம் அது. காகிதப்பூ, அரளி, சோற்றுக் கற்றாழை, அடீனியம், மருள் (இதன் உறவுக்காரச் செடியைத்தான் இப்போது ஸ்நேக் பிளான்ட் என்று விற்கிறார்கள்) இவை தாங்கும். மெல்லிய இலை உள்ளவற்றை வீட்டின் கிழக்குப் பக்கம் வையுங்கள், மேற்கேயிருந்து அடிக்கும் காற்று படாது.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்பு இருக்கிறது. உப்புக் காற்று இலையில் படிந்து ஓரம் கருகும். வாரம் இரண்டு முறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நித்தியகல்யாணி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் நன்றாக நிற்கும். ரோஜாவோடு அங்கே போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுதான் நோகும்.

நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில். கிட்டத்தட்ட எதுவும் வரும்.

தக்கலை, மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை என்று மேற்கே போகப்போக ஈரமும் நிழலும் கூடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கிற மண் இது. ஆந்தூரியம், பெரணி, ஹெலிகோனியா, ஆர்க்கிட் எல்லாம் மற்ற மாவட்டத்துக்காரர்கள் ஏங்கும் அளவுக்கு வரும். ஆர்க்கிடுக்கு மண்ணே தேவையில்லை. காய்ந்த கதம்பையைத் (தேங்காய் மட்டையை) துண்டு போட்டு, மரக்கரித் துண்டுகளோடு சேர்த்துச் செடியைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேச்சிப்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தால் எந்தச் செடி நம் மண்ணில் எப்படி நிற்கிறது என்று நேரிலேயே தெரியும்.

ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ்வாக இருப்பதால் உள்ளே வெளிச்சம் குறைவு. உள்ளறையில் மத்தியானம் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிறதா? முடிந்தால் மணிபிளான்ட், மருள், அக்லோனிமா வைக்கலாம். முடியாவிட்டால் அங்கே செடி வேண்டாம். இரண்டு செட் தொட்டி வாங்கி, வாரம் ஒரு முறை திண்ணையிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து திண்ணைக்கு என்று மாற்றிக்கொண்டிருங்கள். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம்?

நாள் கணக்கு வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் விடாதீர்கள். மேற்குப் பகுதியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் பத்து நாள் வரை தண்ணீரே தேவைப்படாது. உள்செடிகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் இல்லை, வேர் மூச்சுமுட்டித்தான்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின சாணம் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். நார்க்கழிவை மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேர்க்க வேண்டும். காயலோரத்தில் ஊறின மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் உப்பு இருக்கும். அலசாமல் போட்டு ஒரு வரிசை ஆந்தூரியத்தை இழந்தவள் சொல்கிறேன்.

ஸ்நேக் பிளான்ட் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று கடையில் சொல்கிறார்களே?

அந்தப் பேச்சின் மூலம் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. அடைத்த சிறு பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தார்கள். நம் வீடு அடைத்த பெட்டி இல்லை. 2019இல் வந்த ஒரு மறுஆய்வு, சன்னல் வழியாக வரும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அழகுக்கும் மனசுக்கும் வாங்குங்கள், அதுவே போதுமான காரணம். காற்றுக்குச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

செடி வைத்தால் கொசு வருகிறது.

கொசு செடிக்கு வருவதில்லை, தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டுத் தண்ணீருக்கு வருகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை எல்லாத் தட்டையும் கவிழ்த்து உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிடுவதால் அது போகாது. தட்டில் மணல் நிரப்பி வைப்பது இன்னும் நல்லது. பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருந்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். உருளியிலும் பூ வாடின அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதில் மட்டும் நான் யாரிடமும் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போடுகிறோம். பத்து நாளும் பூவுக்கு எங்கே போவது?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தோம். ஓணம் இங்கே விருந்தாளிப் பண்டிகை இல்லை, வீட்டுப் பண்டிகை. அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் சந்தைப் பூ வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பிள்ளைகள் வேலி வேலியாகப் போய்ப் பறித்துக் கொண்டுவந்ததுதான் கோலம். முதல் நாள் தும்பை மட்டும் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் கூட்டுங்கள். வேலியோரத்துத் தெச்சி, செம்பருத்தி இதழ், கொன்னை, பொடியாக நறுக்கின பச்சை இலை எல்லாம் கணக்கில் சேரும். கேந்தியும் வாடாமல்லியும் கடைசி மூன்று நாளைக்கு வாங்கினால் செலவு தாங்கும். வாடாமல்லி இதழ் இரண்டு நாள் வரை நிறம் மாறாது, அதை வெளிவட்டத்துக்குப் போடுங்கள். முற்றத்தில் காற்று அடித்தால் தரையை லேசாக நனைத்துவிட்டு இதழைத் தூவுங்கள்.

கலியாண வீட்டு வாசலுக்கு என்ன செய்யலாம்?

குலை தள்ளின வாழை இரண்டு, செவ்விளநீர்க் குலை, குருத்தோலைத் தோரணம், மாவிலை. இதைவிட அழகான வாசலை நான் இன்னும் பார்க்கவில்லை. குருத்தோலையை அன்று காலையில்தான் கீற வேண்டும், முந்தின நாளே கீறினால் நுனி சுருண்டுவிடும். வெட்டின ஓலையை ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். நிலையில் நிறைநாழியோடு (நெல் நிறைத்த நாழியோடு) தென்னம்பூக்குலை வைக்கிற வீடுகளில், பாளையை விருந்தாளி வர ஒரு மணி நேரம் முன்பு பிளந்தால் போதும். உள்ளிருந்து வருகிற தந்த நிறம் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

தேவாலயக் கலியாணம் என்றால் வெள்ளைச் சம்பங்கியும் பெரணி இலையும். பெரணியை நம் மேற்குப் பகுதியிலிருந்தே எடுக்கலாம், வெளியூர்ப் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் பூ?

வேண்டாம். நம் ஈரக்காற்றில் தூசி படிந்து பூசணம் பிடிக்கும். சந்தை இத்தனை அருகில் இருக்கிற ஊரில் அதற்குத் தேவையும் இல்லை.

மழைக்காலத்தில் நத்தை எல்லா இலையையும் தின்றுவிடுகிறது.

சாயங்காலம் நனைத்த சாக்கின் அடியில் முட்டைக்கோசு இலையோ பப்பாளித் தண்டோ போட்டு வையுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் எல்லாம் அங்கே இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், நத்தையில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு இருக்கக்கூடும். குச்சியால் தள்ளி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை நேராகச் செடி மண்ணில் தூவக் கூடாது.

விருந்தாளி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். சந்தைக்குப் போக நேரமில்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். குரோட்டன்ஸில் மூன்று கொப்பு, நீளம் ஒன்றுபோல் இல்லாமல் வெட்டுங்கள். ஒரு பித்தளைச் செம்பில் நீளமானது பின்னால், குட்டையானது முன்னால். இரண்டு தெச்சிக் கொத்தைச் செம்பின் வாயோரம் சாய்த்து வையுங்கள். அதைக் கதவுக்கு நேரே வைக்காமல், விருந்தாளி உட்காரும் நாற்காலிக்கு எதிரே, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். திண்ணையையும் ஒரு தரம் கூட்டிவிடுங்கள். ஒரு செம்பருத்தி மிச்சம் இருந்தால் தண்ணீர் நிறைத்த சின்னக் கிண்ணத்தில் மிதக்கவிட்டுக் கை கழுவும் இடத்தில் வையுங்கள்.